கடைசி மனையின் வாட்டம்

இந்த அறையின் தரைக்குச் சரியாக வாட்டம் கொடுக்கவில்லை, ஐயா. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காலையில் ஒரு அம்மா வந்து தரையைக் கழுவிவிட்டுப் போனார். தண்ணீர் கதவுப் பக்கம் வராமல் நேராக அந்த இரும்பு அலமாரிக்கு அடியில் போய்த் தேங்கிக்கொண்டது. அலமாரியின் கால்கள் துருப்பிடித்திருப்பது அதனால்தான். யாரோ ஒரு கொத்தனார் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சரிவை மாற்றிப் போட்டிருக்கிறார். அரை நாள் வேலை. நான் வெளியே இருந்தால் நானே ஆள் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பார்கள், நான் தரையைப் பார்ப்பேன். நகராட்சியில் என் வேலை அது. புதிதாக வீடு கட்டியவர்களின் மனையில் மண் எந்தப் பக்கம் சரிகிறது, மழைத் தண்ணீர் வீட்டை விட்டு விலகித் தெருவுக்குப் போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் யாரும் குடிபோக முடியாது. அதனால் என்னைப் பார்த்தாலே எல்லோருக்கும் வாயெல்லாம் பல்லாக இருக்கும். நல்ல வேலை, ஐயா. வெயிலில் அலைச்சல் உண்டு, ஆனாலும் நல்ல வேலை.

நீங்கள் கேட்பது என் சகலையைப் பற்றி. என் மனைவியின் தங்கை கணவர். மெத்தைக் கடை வைத்திருந்தார். எங்களுக்குப் பக்கத்து வீடு. போன மாதம் அடித்த மழையில் அவர் வீட்டுக் கீழறை ஜன்னல் உடைந்து, தண்ணீர் புகுந்து, உள்ளேயே மூழ்கி இறந்துபோனார். நான் கையெழுத்துப் போட்ட மனையில் தண்ணீர் ஏன் வீட்டைப் பார்த்துப் போனது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒன்று விடாமல் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் எழுதிக்கொள்கிற போலீஸ்கார அம்மா எந்த இடத்திலும் கோபம் என்ற சொல்லைப் போட வேண்டாம். எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததே இல்லை.

அவரைப் பிடிக்காத ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆறடி உயரம், அதற்கேற்ற தொந்தி. அவர் சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து சிரிக்கும். கடைக்கு வருகிறவர்களை மெத்தையில் படுக்க வைத்து, தூங்கிவிட்டால் எழுப்பாமல் விட்டுவிடுவார். “வாங்கலேன்னா பரவாயில்ல, தூங்கட்டும் பாவம்,” என்பார். எழுந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிப் போவார்கள். எனக்குப் பல வருஷமாக முதுகுவலி. தன் கடையிலிருந்து ஒரு மெத்தையைத் தானே தலையில் சுமந்து வந்து என் கட்டிலில் போட்டவர் அவர்தான். அன்றிலிருந்து வலி போன இடம் தெரியவில்லை. இங்கே வரும்வரை அந்த மெத்தையில்தான் படுத்தேன். இங்கே கொடுத்திருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வீட்டில் இருக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே ஆசைப்பட்டவர்கள். ஊருக்கு வெளியே, சரிவான நிலத்தில் வரிசையாகப் புது வீடுகள் கட்டினார்கள். மேலேயிருந்து கீழே படி இறங்குவது போல வீடுகள். கடைசிக்கு முந்தியதை நாங்கள் வாங்கினோம். கடைசி மனை வேண்டாம் என்று சகலையிடம் நான்தான் சொன்னேன். இதைக் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் எல்லா வீட்டுத் தண்ணீரும் அந்த மனையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னேன்.

“தண்ணி வந்தா பாத்துக்கத்தான் நீங்க பக்கத்துலயே இருக்கீங்களே, சகலை,” என்றார்.

அவ்வளவு நம்பிக்கை என்மேல். அந்த வீட்டில்தான் தரைக்குக் கீழே ஓர் அறை இருந்தது. பின்பக்கத் தோட்டத்திலிருந்து படிகள் இறங்கும். கீழே ஒரு சின்னச் சதுரம், அதில் தண்ணீர் போக ஒரு துளை, அதன்மேல் இரும்புச் சல்லடை. எதிரே கதவு, கதவை ஒட்டி ஜன்னல். சகலைக்கு அந்த அறைமேல் ஒரே மோகம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கீழே போய்ப் படுத்தால் உலகமே தெரியாது. போன் சிக்னல் கூட அங்கே எட்டாது. அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

இப்போது நான் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். முக்காலியில் நிற்கும் லெவல் கருவி, கோடு போட்ட அளவுக் கம்பு எல்லாம் என்னிடம் உண்டு. மனை முழுக்க அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசியாக ஒரு காரியம் செய்வேன். மனையின் பின் மூலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, போதாவிட்டால் குழாயையும் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரோடு கூடவே நடப்பேன். அது நின்றால் நிற்பேன். திரும்பினால் திரும்புவேன். தெரு வடிகாலில் அது விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பேன். அப்படிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வீடு ஒன்றில்கூட ஈரம் ஏறியதாகப் புகார் வந்ததில்லை.

தண்ணீர் மெதுவாகப் போகும்போது நாமும் மெதுவாகத்தான் போக வேண்டும். இடுப்பை வளைத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு போவேன். வெளியிலிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் சகலைதான்.

அவர்கள் குடிவந்த அன்று இரண்டு குடும்பமும் அவர் வீட்டுக் கூடத்தில் சாப்பிட்டோம். என் வேலையிடத்திலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். எங்கள் செயற்பொறியாளர் மேடமும் வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் சகலை குளியலறைக்குப் போய் ஒரு காலி வாளியோடு திரும்பி வந்தார். கூடத்தின் மூலையில் வாளியைக் கவிழ்த்தார். அவ்வளவு பெரிய உடம்பை வளைத்து, கைகளைப் பின்னால் கட்டி, மூக்கை நீட்டி, இல்லாத தண்ணீருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். சோபாவுக்குப் பக்கத்தில் தண்ணீர் நின்றது போலிருக்கிறது. நின்றார். தலையைச் சாய்த்து அதைக் கேள்வி கேட்பது போலப் பார்த்தார். பிறகு என் மனைவியின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை போய், சட்டைப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக் காற்றில் கையெழுத்துப் போட்டார்.

வயிறு வலிக்கச் சிரித்தார்கள், ஐயா. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி தங்கையின் தோளில் சாய்ந்து குலுங்கினாள். என் மகளுக்குச் சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது. “இன்னொரு தடவ, சித்தப்பா, இன்னொரு தடவ,” என்று கத்தினாள். அவரும் மூலைக்குப் போய் இன்னொரு தடவை நடந்தார். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிட உரக்கவே சிரித்தேன். நன்றாகத்தான் செய்தார். கழுத்தை இடதுபக்கம் சாய்ப்பேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. யார் வந்தாலும், எந்த விசேஷம் என்றாலும், சாப்பிட்டு முடித்ததும் வாளி வந்துவிடும். எனக்கு ரசமட்டம் என்று பெயரும் வைத்தார். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே நீர்க்குமிழி ஓடும் மட்டப்பலகை, அது. கொஞ்ச நாளில் வேலையிடத்திலும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. ஒருமுறை ஒரு புது மனையில் நான் தண்ணீரோடு நடந்துகொண்டிருந்தபோது, என் பின்னால் வரிசையாக மூன்று பேர் இடுப்பை வளைத்துக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டார்கள். எல்லாம் அன்பில் செய்வதுதான். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? எழுதும்போது கவனம் வேண்டும், அம்மா.

மனை விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் புல்தரையோடு தரையாக ஒரு பள்ளம் ஓடுகிறது. ஒரு கை ஆழம்கூட இராது. அதுதான் பின்வாய்க்கால். மேல் வீடுகளின் தோட்டத்துத் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசி வீட்டைச் சுற்றி வளைந்து தெருவுக்குப் போகிறது. அதைப் பார்க்கிறவர்களுக்கு அது வாய்க்கால் என்றே தெரியாது. தரை போடத் தெரியாதவன் விட்ட பள்ளம் என்று நினைப்பார்கள். புது வீட்டுக்கு வந்த எல்லோரும் செய்ய ஆசைப்படும் முதல் காரியம் அதை மண் போட்டு மூடுவதுதான். வேண்டாம் என்று அவர்களிடம் மல்லுக்கட்டுவதில்தான் என் பாதி ஆயுள் போனது.

சகலையும் ஆசைப்பட்டார். ஒருநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

“சகலை, இந்தப் பள்ளத்துல நாற்காலி போட்டா ஊஞ்சல் மாதிரி ஆடுது. நேத்து காப்பி முழுக்க என் மடியில. மண்ணு போட்டு மூடிரட்டுமா? ரசமட்டம் என்ன சொல்லுது?”

முதல் முறையாக ஒருவரிடம் சரி என்றேன். மனம் லேசாக இருந்தது, ஐயா. எவ்வளவு சுலபமான சொல். இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் வேண்டாம் என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மண்ணுக்கும் நானே ஏற்பாடு செய்தேன். ஆட்களோடு நின்று, கருவி வைத்து, மட்டம் பார்த்துக் கொடுத்தேன். கீழறைப் படிக்கட்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க ஒரு சின்னத் திட்டு கட்டியிருந்தார்கள். மண்ணை நிரப்பியதும் திட்டும் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் அப்படியே நிற்காது, வேறு வழி தேடும். அந்த வழியையும் அழகாக வளைத்து, படிக்கட்டின் முதல் படிவரை கொண்டுவந்து விட்டேன். மேலே புல் பதித்தார்கள். பார்க்கப் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. சகலை அதில் நாற்காலி போட்டு, காப்பியை மடியில் கொட்டாமல் குடித்துக் காட்டினார்.

அவர் கேட்டார், நான் செய்து கொடுத்தேன். கதவு விஷயமும் அப்படித்தான். கீழறைக்குக் கடையிலேயே பெரிய மெத்தையைக் கொண்டுவந்து போட்டார். அதற்குப் பிறகு கதவு உள்பக்கம் முழுதாகத் திறக்கவில்லை, மெத்தையில் இடித்தது. உள்ளே போக வேண்டுமானால் அவர் தொந்தியை எக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி கீலை மாற்றிவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். நல்ல தச்சராகப் பார்த்து நானே கூட்டிவந்தேன். வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீர் நின்றால் உள்ளே இருக்கும் பயில்வானாலும் தள்ள முடியாது. இது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். மெத்தைக் கடைக்காரருக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஜன்னலுக்குக் கம்பி போட்டது அவரே. திருட்டுப் பயம். அதில் எனக்குப் பங்கில்லை. எல்லாவற்றையும் என் தலையில் கட்டக் கூடாது பாருங்கள்.

மிதியடி மட்டும் முழுக்க முழுக்க நான் கொடுத்தது. கெட்டியான ரப்பர் மிதியடி, மேலே ஒரு வாத்து படம். அதைக் கீழறை வாசலுக்கென்று பரிசாகக் கொடுத்தேன். சகலைக்கு வாத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நடை அப்படியே உங்க நடை, சகலை,” என்றார். சல்லடைக்கு மேலே, துளை முழுக்க மூடுகிற மாதிரி நானே குனிந்து விரித்தேன். ரப்பர், ஐயா. மேலே தண்ணீர் நின்றால் அதன் கனத்திலேயே தரையோடு ஒட்டிக்கொள்ளும். அது இருந்த இடத்தைவிட்டு ஒரு விரல்கூட நகரவில்லை என்று நீங்கள் எடுத்த புகைப்படத்தில் பார்த்தேன்.

இதையெல்லாம் கண்டுபிடித்தது எங்கள் மேடம். சகலை போன மறுவாரமே கருவியோடு வந்து மனை முழுக்க அளந்தார். நான் ஒப்புதல் கொடுத்த சரிவு வேறு, இப்போது இருக்கும் சரிவு வேறு என்று கண்டுகொண்டார். புல்லைப் பெயர்த்துப் பார்த்து, மண் ஏனோதானோ என்று கொட்டியது இல்லை, அளந்து போட்டது என்றும் சொன்னாராம். அவர் எடுத்த அளவுகளைக் காட்டினீர்களே, ஒரு பிழை கிடையாது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இந்த ஊரில் இப்படி மண் போடத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றும் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

கொழுந்தியாள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஓயாமல் அழுகிறாள் என்று கேள்விப்பட்டேன், பாவம். என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று காலையில்கூட, “நீங்க சாப்பிட்டீங்களா, அத்தான்?” என்று கேட்டாள். மிக நல்ல பெண். என் மனைவி பார்க்க வரவில்லை. மகளும் வரவில்லை. பரீட்சை நேரம், படிப்பாள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அன்றைய தினத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. திரைச்சீலை வாங்க வேண்டும் என்று அக்காவும் தங்கையும் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கே போய் வாருங்கள், கூட்டம் இருக்காது என்று சொல்லி, மகளையும் சேர்த்து நானே காரில் ஏற்றி அனுப்பினேன். சகலை சாப்பிட்டுவிட்டுக் கீழறைக்குப் போனார். நான் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மழை பிடித்தது. ஐயா, என்ன மழை. மேல் வீடுகளிலிருந்து தண்ணீர் தோட்டம் தோட்டமாக இறங்கி வாய்க்காலில் சேர்ந்து, சகலை மனையின் எல்லைக்கு வந்து, ஒரு கணம் நின்று, நான் போட்ட வழியில் திரும்பியது. என் வேலையில் எவ்வளவோ தண்ணீர் பார்த்திருக்கிறேன். அவ்வளவு ஒழுங்காக நடந்த தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குடையை எடுத்துக்கொண்டு படிக்கட்டு முனைக்குப் போனேன். கீழே சதுரத்தில் முழங்கால் அளவு தண்ணீர். சகலை விழித்திருந்தார். மேல் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, கம்பி வழியாக என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“சகலை, உங்க ஆளு வந்திருக்காரு. வரவேற்க நீங்களே வந்துட்டீங்களா?”

“தூங்கலையா?” என்று கேட்டேன்.

“மெத்தை நனைஞ்சு முதுகு குளிருது. கதவு வேற திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து இழுங்க, நானும் உள்ளேருந்து தள்றேன்.”

அந்த நேரத்தில் ஓர் ஆள் வெளியிலிருந்து இழுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். இழுக்கக்கூட வேண்டாம், மிதியடியின் ஓர் ஓரத்தைக் காலால் தூக்கிவிட்டிருந்தால் போதும். இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் விட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

“இருங்க, தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு வர்றேன்,” என்றேன்.

அதற்கும் சிரித்தார். நல்ல மனிதர். பின் மூலைக்குப் போனேன். குடையை வேலியில் மாட்டிவிட்டு, இடுப்பை வளைத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீரோடு நடந்து வந்தேன். அது நின்ற இடத்தில் நின்றேன். திரும்பிய இடத்தில் திரும்பினேன். கழுத்தை இடதுபக்கம் சாய்க்கவும் மறக்கவில்லை. அவசரமே படவில்லை. படிக்கட்டு முனைக்கு வந்து நின்றபோது தண்ணீர் ஜன்னல் கண்ணாடியில் பாதிவரை ஏறியிருந்தது. சகலை இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த நடை முழுவதையும் அவர் பார்த்திருக்கிறார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவர் சிரிக்கவில்லை, ஐயா. மழையில் சரியாகத் தெரியவில்லையோ என்று நினைத்து, பின் மூலைக்குத் திரும்பிப் போய், இன்னொரு தடவை நடந்து காட்டினேன்.